காந்தளூர்ச் சாலை: படமெடுக்க முடியாத பல்கலைக்கழகம்

திருவனந்தபுரத்துக்குப் பயணம் புறப்படும் மாணவ நண்பர்கள் அவ்வப்போது ஒரு கேள்வி கேட்பதுண்டு: காந்தளூர்ச் சாலையை எந்த இடத்தில் நின்று படமெடுக்கலாம்? இணையத்தில் சுற்றிவரும் சில படங்களே இக்கேள்விக்குக் காரணம். செங்கல் சுவர்களும் படிக்கட்டுகளும் தெரியும் பேரிடிபாடு ஒன்றைக் காட்டி, “தென்னாட்டு நாலந்தா, இராசராச சோழன் கண்ட காந்தளூர்ச் சாலை” என்று கீழே எழுதியிருப்பார்கள். நான் கண்ட அத்தகைய பதிவுகளில் இருந்தது பீகார் மாநிலத்து நாலந்தாவின் படமேயன்றி வேறில்லை.

கேள்விக்கு விடை எளிது. காந்தளூர்ச் சாலைக்குப் படமெடுக்கத்தக்க கட்டடம் எதுவும் இன்று இல்லை. ஆயினும் அச்சாலை கற்பனையும் அன்று. அங்கே யார் பயின்றார்கள், எத்தனை பேருக்கு இடம் இருந்தது, என்ன விதிகள் நடப்பில் இருந்தன என்பவற்றை ஓரளவு உறுதியாகவே சொல்ல முடிகிறது. அந்தச் செய்திகளைக் காத்துத் தந்தவை கற்சுவர்கள் அல்ல. செப்பேட்டிலும் கல்வெட்டிலும் ஊர்ப்பெயரிலும் தங்கிய சில சொற்கள். கடன் வாங்கிய படத்தை ஒட்டும்போது அச்சொற்கள் சொல்வது நம் காதில் விழாமற் போகிறது. மொழியியல் பயின்றவன் என்ற முறையில் அச்சொற்களின் வழியாகவே இவ்வரலாற்றை எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு தெரு, மூன்று பெயர்கள்

திருவனந்தபுரத்தின் கிழக்கே கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருவைத் தமிழர் சாலை என்கின்றனர். மலையாளத்தில் அது சால கம்போளம். கார்த்திகைத் திருநாள் இராமவர்மரிடம் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை நகரத்தின் தலைமைச் சந்தையாக அமைத்தார். நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்த வணிகர்கள் தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள். இத்தெருவில் தமிழ் காதில் விழாமல் நூறடி நடப்பது அரிது. தெருவழியே கிழக்கு நோக்கிச் சென்றால் ஆரியசாலை. அதனை அடுத்து வலியசாலை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் இருமருங்கும் நிற்கும் நெடிய அக்கிரகாரமும், காந்தளூர் என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் மகாதேவர் கோயிலும் வலியசாலையில் உள்ளன. காந்தளூர்ச் சாலை இருந்த இடம் இதுவே என்னும் கருத்துக்கு இக்கோயிற் பெயர் முதன்மையான ஆதாரம்.

இந்த மூன்று பெயர்களின் பலகைகளையும் மலையாள எழுத்தில் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு வேறுபாடு கண்ணிற்படும். கடைத்தெருவின் பெயர் வல்லினச் சகரத்தில் தொடங்குகிறது. ஆரியசாலை, வலியசாலை ஆகிய இரண்டும் வடமொழிச் சகரத்தோடு, ‘சாலா’ என்னும் மூலச்சொல்லை நினைவூட்டும் வடிவில் எழுதப்படுகின்றன. தமிழெழுத்தில் மூன்றுக்கும் ஒரே எழுத்து. தமிழ் ஐகார ஈறு மலையாளத்தில் அகரமாவது பொதுவிதி: மலை மல ஆகிறது, தலை தல ஆகிறது, சாலையும் சால ஆகிறது. ஆனால் கடைத்தெருவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் பெரும்பாலும் ஐகாரத்தை விடாமலே எழுதுகிறார்கள். தமிழ் உச்சரிப்பின் தடம் அந்த எழுத்துக்கூட்டலில் உறைந்து கிடக்கிறது.

சந்தையின் பெயரும் பழைய கல்விச்சாலையின் பெயரும் ஒரே சொல்தான் என்று இதனால் மட்டும் நிறுவிவிட முடியாது. மலையாளத்தில் ‘சால’ என்பதற்கு நீர்க்கால் என்றும் பொருளுண்டு. தமிழில் சாலை என்பது பெருவழியையும் குறிக்கும். எனினும், வலிய சாலை என்று ஒன்றைச் சுட்டுவதற்கு அதனிற் சிறிய பிற சாலைகளும் அருகில் இருந்திருக்க வேண்டும். ‘பெரிய’, ‘சிறிய’ என்னும் அடைகள் ஒப்பிட ஒன்றில்லாமல் ஊர்ப்பெயரில் ஏறுவதில்லை. ஆகவே இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட சாலைகள் இருந்தன என்ற அளவுக்கு ஊர்ப்பெயர்களை நம்பலாம்.

இப்பகுதிக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பு இன்னொரு வடிவில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. நவராத்திரியின்போது பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் குமரி மாவட்டத்திலிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகின்றனர். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் எழுந்தருள்கிறாள். நங்கை செந்திட்டையில் தங்குகிறாள். குமாரசுவாமிக்கு இடம் ஆரியசாலை. மாநில எல்லை 1956இல் வரையப்பட்டபின்னும் இவ்வழக்கம் நிற்கவில்லை. திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபின் உருவான வழக்கம் இது. காந்தளூர்ச் சாலையின் காலத்தது என்று இதனைக் கொள்ளலாகாது. பழைய பெயர் உள்ள இடத்தில் நடப்பவை யாவும் பழையவை என்று எண்ணும் பழக்கத்தை ஆய்வு மாணவர்கள் கைவிட வேண்டும் என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன்.

செப்பேடு சொல்லும் செய்தி

காந்தளூரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று காந்தளூரில் எழுதப்பட்டதன்று. ஆய் அரசன் கருநந்தடக்கன் இன்றைய குமரி மாவட்டத்து முஞ்சிறைக்கு அருகில் திருமால் கோயில் ஒன்றை எடுத்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, அங்கே ஒரு சாலையையும் நிறுவினான். அதற்குரிய நிலத்தை முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்துப் பெற்றான். இவ்வேற்பாட்டைப் பதிவு செய்த செப்பேடு, கலியுகம் தொடங்கி 14,49,087ஆம் நாள் என்று தன் தேதியைக் குறிக்கிறது, அது கி.பி. 866 ஜூலை மாதத்தில் விழுகிறது. இந்திய வரலாற்றில் இவ்வளவு நுட்பமாக நாள் குறிக்கப்பட்ட கல்வி நிறுவனங்கள் மிகச் சிலவே. செப்பேடு திருவனந்தபுரத்து ஹஜூர் கச்சேரியில் இருந்தமையால் ‘ஹஜூர் அலுவலகச் செப்பேடு’ என்று ஆய்வுலகில் பெயர் பெற்றது. து.அ. கோபிநாத ராவ் இதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தார்.

புதிய சாலை ‘காந்தளூர் மரியாதை’ப்படி அமைக்கப்பட்டது என்று செப்பேடு கூறுகிறது. மரியாதை என்பது இங்கே பணிவையோ மதிப்பையோ குறிப்பதன்று. எல்லை, வரையறை, நடைமுறை என்னும் பழம்பொருளில் நிற்கிறது. இன்றைய வழக்கில் சொன்னால், ஒரு பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறைச் சட்டத்தை இன்னொரு நிறுவனம் அப்படியே ஏற்றுக்கொண்டது போன்ற செயல். அப்படியானால் 866ஆம் ஆண்டிலேயே காந்தளூர் பிறர் பார்த்துப் பின்பற்றும் முன்மாதிரியாக இருந்தது என்பது தெளிவு.

பார்த்திவசேகரபுரத்துச் சாலையில் 95 சட்டர்களுக்கு இடம். சட்டர் என்பது மாணவரைக் குறிக்கும் ‘சாத்ர’ என்னும் வடசொல்லின் திரிபு. 95 இடங்களில் 45 பவிழிய சரணத்தாருக்கு, அதாவது இருக்கு வேதத்தாருக்கு. 36 தைத்திரீய சரணத்தாருக்கு, அதாவது யசுர் வேதத்தாருக்கு. 14 தலவகார சரணத்தாருக்கு, அதாவது சாம வேதத்தாருக்கு. சேர விரும்புவோர் இலக்கணத்திலும் மீமாம்சையிலும் புரோகிதத்திலும் தேர்ச்சியுடையவராக இருத்தல் வேண்டும். மூன்று நாட்டு நடைமுறைகளுக்கும் வேண்டிய திறமும் தகுதிகளுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. மூன்று நாடு என்பது சேர சோழ பாண்டிய நாடுகள் என்று ஆய்வாளர் கொள்வர். வேதம் ஓதுவதோடு அரசாட்சித் துறைக்கு வேண்டிய பயிற்சியும் இச்சாலைகளோடு தொடர்புற்றிருந்தது என்று இதனால் அறியலாம்.

விதிகளும் கவனத்துக்குரியவை. கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது. ஒருவரையொருவர் இழித்துப் பேசினாலும் தாக்கினாலும் தண்டம் உண்டு. பணிப்பெண்களை மடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சட்டம் எதைத் தடுக்கிறதோ அது நடந்துகொண்டிருந்தது என்பது வரலாற்றாய்வின் பாலபாடம். ஆயுதம் ஏந்தும் வழக்கமுள்ள மாணவர்கள் இருந்தமையால்தான் இந்த விலக்கு எழுதப்பட்டது. எம்.ஜி.எஸ். நாராயணன் இதனை விரித்து, காந்தளூர் போன்ற சாலைகள் வேதக் கல்வியோடு படைப்பயிற்சியும் கொண்ட பிராமண நிறுவனங்கள் என்று வாதிட்டார். கேரள நம்பூதிரிகளிடையே வழங்கிவந்த சங்கக்களி என்னும் ஆட்டத்துக்குச் சாத்திரக்களி என்றும் பெயருண்டு. அதில் ஆயுத விளையாட்டும் இடம்பெறும். சாலை மறைந்தபின்னும் சட்டரின் நிழல் அந்த ஆட்டத்தில் தங்கியிருக்கக் கூடும்.

கட்டடம் ஏன் இல்லை?

நாலந்தாவோடு ஒப்பிடும் ஆசைக்கு இங்கே ஒரு விடை சொல்ல வேண்டும். நாலந்தா ஒரு பௌத்த மடாலயத் தொகுதி. துறவியர் ஆண்டு முழுவதும் வாழ்வதற்கான அறைகள், முற்றங்கள், வழிபாட்டிடங்கள் எல்லாம் செங்கல்லால் அமைந்தவை. 5ஆம் நூற்றாண்டு முதல் பல நூற்றாண்டுகள் அவை மேன்மேலும் கட்டப்பட்டன. அகழாய்வில் அவை வெளிப்பட்டன. 2016இல் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னப் பட்டியலில் அவ்விடம் சேர்ந்தது. அங்கே நிறுவனமும் கட்டடமும் ஒன்றே.

தென்னாட்டில் கல்விக்கொடை வேறுவகையாக இயங்கியது. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு 340 மாணவர்களையும் 14 ஆசிரியர்களையும் பேசுகிறது. புதுச்சேரியை அடுத்த திரிபுவனைக் கல்வெட்டில் 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு கல்விக்கு மட்டுமன்றி, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்கும் ஏற்பாடு செய்கிறது. இவ்வூர்களுக்குச் சென்றால் நாம் காண்பது கோயில். கோயிற் சுவரில் எழுத்து. தனியே கல்லூரிக் கட்டடம் என்று ஒன்றைக் காண இயலாது. பாடம் நடந்த மண்டபம் நாளைக்கு விழா மண்டபமாகவும் மறுநாள் சபை கூடும் இடமாகவும் ஆகியிருக்கும். கல்லூரி என்பது நிலத்திலிருந்து வரும் நெல்லாகவும், நாள்தோறும் இத்தனை பேருக்கு இவ்வளவு உணவு என்னும் கணக்காகவும் இருந்தது. நெல் வரும்வரை கல்லூரி இருந்தது; நிலம் கைமாறியபோது அது கரைந்துபோனது.

கேரளப் பகுதியில் மரமும் ஓடும் ஓலையுமே கட்டடப் பொருள்களாகப் பெரிதும் பயன்பட்டன என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். ஆயிரம் ஆண்டு மழையில் எஞ்சுவதற்கு அங்கே எதுவும் இல்லை. இடிபாடு இல்லையே என்று வருந்துவோர், அந்த நிறுவனம் இடிபாட்டை விட்டுச்செல்லும் வகையைச் சேர்ந்ததன்று என்பதை உணர வேண்டும்.

ஒரு வினைச்சொல்லின் மேல் ஒரு போர்

985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளில் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே இடம்பெறும் சிறப்பு ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளிய’து. பிற்பாடு அவனுடைய மெய்க்கீர்த்தியில் இதுவே முதற்செயலாக நின்றது. இத்தொடருக்குப் பொருள் காண்பதில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கு நடக்கிறது. இணையத்தில் இவ்வழக்கு இன்னும் கடுமையானது. கேரளத்திலிருந்து எழுதுவோர் சிலர், சோழன் ஒரு பல்கலைக்கழகத்தை அழித்தான் என்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து எழுதுவோர் சிலர், சேரனின் கடற்படையை அழித்தான் என்கின்றனர். இரு சாராருக்கும் ஆதாரம் அதே இரண்டு சொற்கள்: கலம், அறு.

கலம் என்பது மரக்கலம், அது உண்கலமும் ஆகும், அணிகலமும் ஆகும், பன்னிரண்டு மரக்கால் கொண்ட முகத்தலளவையும் ஆகும். அறுத்தல் என்பது வெட்டுதல், இல்லாமற் செய்தல். வரையறை, அறுதி முதலிய சொற்களில் அதே வேர் முடிவு செய்தல், எல்லை கட்டுதல் என்னும் பொருளில் நிற்கிறது. ஆகவே ‘கப்பல்களை அழித்தான்’ என்பதும் ‘உண்கலங்களின் எண்ணிக்கையை வரையறுத்தான்’ என்பதும் சொல்லளவில் சமமாக இயல்வன. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி கடற்போர் என்னும் பொருளையே கொண்டார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சிக்கலுக்கென்றே ‘காந்தளூர்ச் சாலை’ என்னும் தனி நூலை எழுதி, சாலையை அறச்சாலையாகக் கண்டு, கலத்தை உணவோடு இணைத்துப் பொருள் கொண்டார். கவிஞராக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கும் ஒருவர், கல்வெட்டுத் தொடர் ஒன்றின் பொருளுக்காக இவ்வளவு உழைத்தார் என்பது இன்றைய தமிழ் மாணவர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

என் சாய்வு கவிமணியின் பக்கம். காரணம் அகராதியன்று, பார்த்திவசேகரபுரச் செப்பேடு. காந்தளூர் மரியாதைப்படி அமைந்த அச்சாலையின் இடங்களை அச்செப்பேடு கலம் என்ற சொல்லாலேயே எண்ணுகிறது. பவிழிய சரணத்தாருக்கு உரிய கலம் இத்தனை, தைத்திரீய சரணத்தாருக்கு உரிய கலம் இத்தனை என்பது அதன் நடை. ஒரு கலம் என்பது ஒரு மாணவனின் உணவுரிமை. ஆகவே ஓர் இடம். சாலை, கலம் ஆகிய இரு சொற்களும் ஒரே நிறுவன மரபுக்குள் இந்தப் பொருளில் இணைந்து வழங்கியதற்கு 866ஆம் ஆண்டில் எழுத்துச் சான்று இருக்கும்போது, ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின் அதே இரு சொற்கள் காந்தளூரின் பெயரோடு மீண்டும் சேர்ந்து வரக் காண்கையில், அப்பொருளை விட்டுக் கப்பலைத் தேடிச் செல்வதற்குத் தனிக் காரணம் வேண்டும்.

இலக்கணமும் சிறிது துணை செய்கிறது. அச்சிட்ட பாடங்களில் ‘சாலை கலம்’ என்றே பெரும்பாலும் காண்கிறோம். ‘சாலைக் கலம்’ என்று வல்லெழுத்து மிகவில்லை. ‘சாலையினது கலம்’ என்னும் தொகையாயின் ஒற்று மிகுவதை எதிர்பார்ப்போம். கலமறு என்பதை ஒரு கூட்டுவினையாகக் கொண்டு, சாலையை அதன் செயப்படுபொருளாக வைத்தால் ஒற்று மிகாமை பொருந்தும்: சாலையைக் கலமறுத்தான், அதாவது அச்சாலையின் இடங்களை அறுதி செய்தான். கல்வெட்டு எழுத்தர்கள் சந்தியில் ஒரே சீராக இருப்பவர்கள் அல்லர். ஆகவே இதனைத் துணைச் சான்றாகவே வைக்கிறேன், தனிச் சான்றாக அன்று.

எதிர்வாதங்களும் வலுவற்றவை அல்ல. முதலாம் இராசாதிராசனின் கல்வெட்டு காந்தளூர்ச் சாலையைக் கடலோடு சேர்த்துப் பேசுகிறது. வலியசாலையோ கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மெய்க்கீர்த்தி என்பது வெற்றிகளின் பட்டியல். அதன் தொடக்கத்தில் ஒரு நிருவாக ஆணையை எந்த அரசன் வைப்பான் என்று கேட்கலாம். என் மறுமொழி இது: இராசராசனுக்குப்பின் இராசாதிராசனும் முதலாம் குலோத்துங்கனும் இதே பெருமையைத் தமக்கும் உரியதாக்கிக்கொள்கின்றனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளியில் மூன்று அரசர்கள் ஒரே துறையில் கப்பல்களை அழித்தார்கள் என்பதினும், தென்கோடியில் தம் ஆணை செல்லுகிறது என்பதற்கு அடையாளமாக ஒரு புகழ்பெற்ற நிறுவனத்தின் இடங்களைத் தாமே வரையறுத்தார்கள் என்பது எளிதில் ஏற்கத்தக்கது. ஒரு பல்கலைக்கழகத்தில் யார் அமரலாம் என்று முடிவுசெய்யும் உரிமை அரசாட்சியின் அடையாளமாக அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எப்படியாயினும், பொருள் ஐயத்துக்குரிய ஒரு வினையெச்சத்தை வைத்துக்கொண்டு ஓர் அரசனைக் கல்வியின் பகைவன் என்றோ காவலன் என்றோ அறுதியிடுவது முறையன்று.

யாருடைய பல்கலைக்கழகம்?

பல்கலைக்கழகம் என்ற சொல்லே இவ்விடத்தில் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. இச்சொல் தமிழில் வழக்கூன்றுவதற்கு முன் சர்வகலாசாலை என்றே எழுதினோம்; மலையாளத்தில் இன்றும் சர்வகலாசாலைதான். பழைய சாலை அச்சொல்லின் ஈற்றில் உயிரோடு இருக்கிறது. ஆனால் ‘சர்வ’ என்னும் முன்னொட்டு காந்தளூருக்குப் பொருந்தாது. அங்கே எல்லாக் கலைகளும் பயிற்றப்பட்டன என்பதற்குச் சான்றில்லை. எல்லாரும் பயிலவில்லை என்பதற்கோ செப்பேடே சான்று: 95 இடங்களும் மூன்று வேத சரணங்களுக்கு உரியவை. நிலத்தை உழுது அந்நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் ஓர் இடமும் இல்லை. பெண்கள் அந்த ஆவணத்தில் தோன்றுவது விலக்கப்பட வேண்டிய பணிப்பெண்களாக மட்டுமே. “உலகின் பழம்பெரும் பல்கலைக்கழகம் நம்முடையது” என்று பெருமிதத்தோடு பகிரும் நம்மில் பெரும்பாலோர்க்கு அதன் வாயில் திறந்திருக்காது. இதனைச் சொல்வது முன்னோரைப் பழிப்பதாகாது; ஆவணத்தை முழுமையாகப் படிப்பதாகும்.

இந்த இடத்தில் சட்டர் என்னும் சொல்லின் பிற்கால வாழ்க்கை என்னைப் பெரிதும் ஈர்க்கிறது. திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் மற்றப் பிள்ளைகளை மேற்பார்த்த மாணவனைச் சட்டாம்பிள்ளை என்றோம், மலையாளத்தில் சட்டம்பி. இச்சொல்லைச் சட்டரோடு இணைத்துக் காண்பவர்கள் உண்டு. ஒலியும் பொருளும் அதற்கு இடந்தருகின்றன. இன்றைய மலையாளத்தில் சட்டம்பி என்றால் முரடன். ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வராதே என்று விலக்கப்பட்ட அந்த மாணவர்களை நினைத்தால் இப்பொருள்மாற்றம் வியப்பளிப்பதன்று.

1853இல் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் வறிய நாயர் குடும்பத்தில் ஒரு சிறுவன் பிறந்தான். பேட்டையில் இராமன் பிள்ளை ஆசானின் பள்ளியில் சட்டம்பியாக இருந்தமையால் அப்பெயரே அவனுக்கு நிலைத்தது. அவர்தாம் பின்னாளில் சட்டம்பி சுவாமிகள். பிராமணச் சிறுவர்களுக்கு நடந்த வடமொழிப் பாடத்தை வெளியே நின்று கேட்டே தொடக்கத்தில் கற்றார் என்று அவர் வரலாறு கூறும். அவர் எழுதிய நூல்களுள் ஒன்று வேதாதிகார நிரூபணம். வேதம் ஓதும் உரிமை பிறப்பால் வரையறுக்கப்படுவதன்று என்பது அதன் வாதம். காந்தளூர் மரியாதை கட்டிய எல்லையை, அந்தச் சாலையின் மாணவரைக் குறித்த சொல்லையே தன் பெயரில் சுமந்த ஒருவர், அதே நகரத்தில், ஓராயிரம் ஆண்டுக்குப் பின் எழுத்தால் அறுத்தார். இங்கே அறுத்தல் என்பதற்கு ஒரே பொருள்தான்.

அந்த எல்லை ஏட்டளவில் மட்டும் நின்றதன்று என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1910களில் அய்யன்காளி, பஞ்சமி என்னும் சிறுமியை நகரத்தின் தென்புறத்து ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க முயன்றபோது அப்பள்ளிக்குத் தீ வைத்தார்கள். கருகிய பெஞ்சு ஒன்று அங்கே நினைவுப்பொருளாகப் பேணப்படுகிறது. இப்பகுதியின் கல்வி வரலாற்றைப் படக்கருவியில் பதிய விரும்புவோர்க்கு அதனிற் சிறந்த பொருள் எனக்குத் தெரியவில்லை.

எதனைப் படமெடுக்கலாம்?

ஆரியசாலையிலிருந்து வடக்கே பாளையத்தை நோக்கிச் சென்றால் பல்கலைக்கழகக் கல்லூரியின் செந்நிறக் கட்டடம் வரும். மகாராஜாவின் கல்லூரியாக 1866இல் உயர்ந்த அந்த நிறுவனத்தில்தான் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியராக இருந்தார். 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்ட அவர், 1894இல் திருவிதாங்கூரின் பழைய அரசர்களைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு வரிசைப்படுத்தும் ஆய்வையும் வெளியிட்டார். கல்லில் உள்ளதைப் படித்தபின்பே வரலாறு பேச வேண்டும் என்னும் நெறியை இந்நகரில் ஊன்றியவர்களுள் அவர் முதன்மையானவர். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. 1957இல் அது கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே தமிழ்த்துறையை வழிநடத்திய வடசேரிக்காரர் வ.அய். சுப்பிரமணியம் 1963இல் மொழியியல் துறையைத் தொடங்கினார். திராவிட மொழியியல் பயிலும் எங்களைப் போன்றோர்க்கு அத்துறையின் கடன் பெரிது. இந்தச் சாலைகளில் இடம் பெறுவதற்கு எந்தச் சரணத்தையும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. அவற்றின் கட்டடங்களும் நிற்கின்றன, தாராளமாகப் படமெடுக்கலாம்.

காந்தளூரை நாடிச் செல்வோர் வலியசாலையின் தெருவை எடுக்கலாம். கோயிலுக்குள் படக்கருவியைத் தவிர்ப்பது கேரள வழக்கம், அதனை மதிக்க வேண்டும். அக்கிரகாரம் மக்கள் குடியிருக்கும் இடம். வாசலில் அமர்ந்திருப்போரைக் கேட்டுவிட்டு எடுப்பது பண்பு. ஆரியசாலைச் சந்திப்பின் பெயர்ப்பலகையையும் சந்தையின் பலகையையும் தனித்தனியே எடுத்து, இரண்டின் முதலெழுத்தையும் சகரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நேரமிருந்தால் குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்துக்கும் செல்லுங்கள். கருநந்தடக்கனின் கோயில் அங்கே வழிபாட்டில் இருக்கிறது. காந்தளூர் மரியாதை நடப்பில் இருந்ததாக எழுத்துச் சான்றுள்ள இடம் அது.

படங்களைப் பகிரும்போது கீழே எழுதும் வரியில் மட்டும் கவனம் வைக்க வேண்டுகிறேன். “தென்னாட்டு நாலந்தா” என்பதற்குப் பதிலாக “காந்தளூர்ச் சாலை இருந்ததாகக் கருதப்படும் வலியசாலை, இதன் நடைமுறையைப் பின்பற்றி 866இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 இடங்கள் கொண்ட சாலை நிறுவப்பட்டது” என்று எழுதினால் ஒரு வரி கூடும். படிப்பவர் அந்த 95 இடங்கள் யாருக்கு என்று கேட்பார். அக்கேள்விக்கு விடை சொல்லச் செப்பேட்டைத் திறந்தாக வேண்டும்.